சுருண்ட பரிமாணங்களை ஃபிளக்ஸ் உண்மையிலேயே பிடித்து வைக்கிறதா?

ஓடம்போக்கி · ஞாயிறு, இரவு 9.20

எம்எஸ்சி இரண்டாம் வருடம், ஊர் திருவாரூர் பக்கம். புராஜெக்டுக்காக ஸ்ட்ரிங் தியரி (துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வு என்கிற கோட்பாடு) படிக்கிறேன், ஒரே வரியில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது. பத்துப் பரிமாணத்தில் ஆறு சுருண்டிருக்கிறது, சரி. அந்த ஆறும் எவ்வளவு பெரிதாக, எந்த வடிவத்தில் சுருண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சமன்பாடும் சொல்வதில்லை, எந்த அளவில் வைத்தாலும் ஆற்றல் ஒன்றுதான், அதனால் நாலு பரிமாணத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அவை நிறையே இல்லாத ஸ்கேலார் (திசையில்லாமல் அளவு மட்டுமுள்ள) புலங்களாகத் தெரியும், பெயர் மாடுலை. இதுவரைக்கும் புரிகிறது. அடுத்த வரியில் “ஃபிளக்ஸ் செலுத்தினால் மாடுலை நிலைப்படும்” என்று போட்டுவிட்டு ஆசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார். எப்படி நிலைப்படும்? ஃபிளக்ஸ் என்ன கயிறா, ஆணியா? எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

டிகிரிகாபி · 9.41

தலைப்பில் ஃபிளக்ஸ் என்று பார்த்ததும் யாரோ கல்யாண பேனர் காற்றில் பறக்காமல் கட்டுவது எப்படி என்று கேட்கிறார்கள் என நினைத்து உள்ளே வந்தேன். வந்ததற்கு ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் மாடுலஸ் என்றால் யங் குணகம். இது அதுவா?

மதகுக்கண் · 10.05

அது வேறு, இது வேறு. இங்கே மாடுலை என்றால் திருப்பிவிடக்கூடிய குமிழ்கள் மாதிரி: சுருண்ட இடத்தின் பருமன் ஒரு குமிழ், வடிவம் இன்னும் பல குமிழ்கள். ஃபிளக்ஸ் நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்துக் காந்தப்பாயத்தின் அண்ணன். பாயம் என்றே எழுதுகிறேன், பேனர் குழப்பம் வேண்டாம்.

குமிழ் சும்மா ஆடினால் என்ன நஷ்டம் என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நிறையில்லாத ஸ்கேலார் புலம் இருந்தால் ஈர்ப்பைப் போலவே தூரத்துக்குப் போகும் ஒரு ஐந்தாவது விசை இருக்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்கு ஊசலை வைத்து 2020-இல் 52 மைக்ரோமீட்டர் வரைக்கும் இறங்கிப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட ஒரு தலைமுடித் தடிமன். நியூட்டனின் இருமடி எதிர்விகிதம் அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்கு, மின்காந்த விசையின் வலிமை போன்ற மாறிலிகள் எல்லாம் இந்தக் குமிழ்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தவை. குமிழ் ஆடினால் அவையும் ஆட வேண்டும், ஆடவில்லை. ஆக எதுவோ குமிழை இறுக்கி வைத்திருக்கிறது, அல்லது இந்தக் கோட்பாடே நம் உலகத்துக்கு இல்லை.

குடமுருட்டி · 11.30

தம்பி, “பிடித்து வைக்கிறது” என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. பாயம் பிடிக்காது, தள்ளும்.

எளிய கணக்கிலிருந்து வருவோம். ஆறு வேண்டாம், இரண்டே பரிமாணம் ஒரு கோளத்தின் மேற்பரப்பாகச் சுருண்டிருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் ஆறு பரிமாண உலகம், அதில் ஈர்ப்பும் மின்காந்தமும். இயற்பியலாளர் அப்துஸ் சலாமும் கூட்டாளிகளும் எண்பதுகளில் விளையாடிய மைதானம் இது. கோளத்தின் ஆரம் ‘ர’. அதன் வழியாகக் காந்தப்பாயம் செலுத்துகிறோம். 1931-இல் டிராக் காட்டியபடி மொத்தப் பாயம் ஏதாவது ஒரு முழு எண்ணாகத்தான் இருக்க முடியும், அதை ‘ந’ என்போம். மூன்று இருக்கலாம், நாலு இருக்கலாம், மூன்றரை கிடையாது. மதகு ஷட்டரின் பல்சக்கரம் பல்லுக்குப் பல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் நிற்காது. கோளம் சுருங்கினாலும் விரிந்தாலும் ந மாறாது என்பதுதான் இங்கே முக்கியம். அப்படியானால் கோளம் சுருங்கச் சுருங்க அதே பாயம் சின்னப் பரப்பில் நெருக்கியடித்துக்கொள்ளும், புலம் ந/ர², ஆற்றல் அடர்த்தி அதன் வர்க்கம், ந²/ர⁴. சுருக்க முயன்றால் ஆற்றல் ஏறுகிறது. அதாவது வெளியே தள்ளுகிறது, டியூபுக்குள் காற்று மாதிரி.

வெறும் காற்று எதையும் ஒரு அளவில் நிறுத்தாது, ரப்பர் வேண்டும். இங்கே ரப்பர் வேலை பார்ப்பது கோளத்தின் வளைவு. ஈர்ப்புக் கணக்கில் நேர்வளைவு ஒரு கழித்தல் குறியோடு வருகிறது, −1/ர². இது உள்ளே இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஆற்றலில் ஒரு பள்ளம், அங்கே ர நின்றுவிடும். நம் தலையாட்டி பொம்மையைத் தட்டினால் ஆடிவிட்டு நிமிர்கிற மாதிரி. அந்த ஆட்டத்தின் வேகம்தான் அந்தப் புலத்தின் நிறை. போட்டுப் பாருங்கள், அரைப் பக்கம்தான்.

ஓடம்போக்கி · திங்கள், காலை 6.50

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. இரவே போட்டுப் பார்த்தேன், பள்ளமே வரவில்லை. அடர்த்தியைக் கோளத்தின் பரப்பு ர²-ஆல் பெருக்கினேன். ர² × (−1/ர² + ந²/ர⁴) = −1 + ந²/ர². முதல் உறுப்பு வெறும் மாறிலி, இரண்டாவது ர பெரிதாகப் பெரிதாக இறங்கிக்கொண்டே போகிறது. கோளம் ஊதிக்கொண்டே போய் எல்லாப் பரிமாணமும் விரிந்துவிடும். எங்கே தப்பு?

குடமுருட்டி · 7.35

மன்னிக்கவும் தங்கச்சி. தப்பு பாதி என்னுடையது, ஒரு படியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இது எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழி.

ர மாறினால் நாலு பரிமாணத்தில் நாம் அளக்கிற நியூட்டன் மாறிலியும் சேர்ந்து மாறும், ஏனென்றால் ஈர்ப்பு அந்தச் சுருண்ட இடத்திலும் பரவுகிறது. மரக்காலே வீங்கியும் சுருங்கியும் போனால் களத்தில் நெல் எத்தனை கலம் என்று எப்படிச் சொல்வது? முதலில் மரக்காலை நிறுத்த வேண்டும். நாலு பரிமாண ஈர்ப்பு மாறாதபடி அளவுகோலைத் திருத்தினால் மொத்தத்தையும் பருமனின் வர்க்கத்தால், அதாவது ர⁴-ஆல் வகுக்க வேண்டும். இப்போது −1/ர⁴ + ந²/ர⁶. வகையிடுங்கள்.

ஓடம்போக்கி · 8.10

வந்துவிட்டது!! ர² = 3ந²/2. ஆரம் நேராக ந-உடன் போகிறது, பாயத்தை இரட்டித்தால் கோளமும் இரண்டு மடங்கு. ஆனால் பள்ளத்தின் அடியில் ஆற்றல் −1/(3ர⁴), எதிர்க்குறி. அப்படியானால் நம் பிரபஞ்சம் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் ஆறு பரிமாணத்தில் ஒரு நேர் அண்டவியல் மாறிலி ‘ல’ சேர்த்துப் பார்த்தேன், ல/ர² என்று ஒரு உறுப்பு கூடுகிறது. ல = 1/(4ந²) என்றால் பள்ளம் சரியாகப் பூஜ்யத்தில் உட்காருகிறது. அதற்கு மேல் 1/(3ந²) வரைக்கும் நேர்க்குறி ஆற்றலோடு பள்ளம், அதையும் தாண்டினால் பள்ளமே அழிந்து மறுபடி ஊதிக்கொண்டு ஓடுகிறது. கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். இவ்வளவு குறுகலா? பஸ் வந்துவிட்டது, சாயங்காலம் பார்க்கிறேன். அசல் ஸ்ட்ரிங் தியரியிலும் இப்படித்தானா?

குடமுருட்டி · இரவு 10.15

அங்கே கதை இரண்டாகப் பிரியும். வடிவம் ஒரு பக்கம், பருமன் ஒரு பக்கம்.

ஆறு சுருண்ட பரிமாணங்களுக்கு வழக்கமாக எடுப்பது கலாபி-யாவ் இடம். அது சராசரியாக வளைவே இல்லாதது, ஆகவே உங்கள் கணக்கில் உள்ளே இழுத்த அந்த ரப்பர் இங்கே கிடையாது. ஸ்ட்ரிங் தியரியின் வகைகளில் ஒன்றான இரண்டு-பி கோட்பாட்டில் மூன்று பரிமாண வளையங்களின் வழியாக இரண்டு வகைப் பாயங்கள் செலுத்தலாம். பாடப்புத்தகச் செல்லப்பிள்ளையான குவின்டிக் என்கிற கலாபி-யாவ் இடத்தை எடுத்தால் வடிவக் குமிழ்கள் 101, பருமன் குமிழ் ஒன்றே ஒன்று. மூன்று பரிமாண வளையங்கள் 204, வகைக்கு 204 முழு எண்கள், ஆக 408. இந்த எண்களை நீங்கள் தேர்ந்தெடுத்துவிட்டால் வடிவம் தானாக நெளிந்து கொடுத்து, பாயம் தன் இரட்டைக்குச் சமமாகிற நிலையைத் தேடிப் போகும். இரட்டை என்றால் ஹாட்ஜ் இரட்டை, ஆறு பரிமாணத்தில் மூன்று திசைப் பாயத்தை மிச்சமுள்ள மூன்று திசைக்குத் திருப்பிப் பார்ப்பது. எல்லா வடிவத்திலும் இது நடக்காது, சில தனிப்பட்ட வடிவங்களில்தான். அங்கே குமிழ்கள் நின்றுவிடும், இழைகள் ஒன்றோடொன்று எவ்வளவு வலுவாக வினைபுரியும் என்று தீர்மானிக்கிற டைலட்டான் புலமும் சேர்ந்து நிற்கும். 2001-இல் கிடிங்ஸ், காச்ரு, போல்சின்ஸ்கி மூவரும் எழுதிய கட்டுரை இதை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தது.

இப்போது கவனியுங்கள். ஆறில் மூன்று சரிபாதி. சரிபாதியாக இருக்கும்போது இந்த இரட்டைக் கணக்கு மொத்த இடத்தையும் இரண்டு மடங்கு ஊதினாலும் மாறாது. அது வடிவத்தைப் பார்க்கும், பருமனைப் பார்க்கவே பார்க்காது. அதனால் பள்ளத்தில் ஆற்றல் பூஜ்யம், எந்தப் பருமனிலும் பூஜ்யம். 101 குமிழும் இறுகிவிட்டது, மிச்சமிருக்கிற அந்த ஒன்று தரையில் கோலிக்குண்டு மாதிரி எங்கே வேண்டுமானாலும் உருளும். உங்கள் புத்தகத்து வரி பாதிதான் உண்மை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: இரண்டு-ஏ வகையில் 2005-இல் பாயங்களையும் ஓரியன்டிஃபோல்ட் தளங்களையும் (எதிர்க்குறி இழுவிசை உள்ள தளங்கள்) மட்டும் வைத்தே எல்லாக் குமிழையும் நிறுத்திக் காட்டினார்கள். அங்கே கிடைப்பதும் எதிர்க்குறி ஆற்றல்தான்.

தாளடி · 10.50

நான் கேட்க நினைத்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இருபது வருஷமாக மேடையில் “பாயம் எல்லாவற்றையும் நிலைப்படுத்துகிறது” என்கிறார்கள், கிட்டே போனால் முக்கியமான குமிழ் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் 408 முழு எண்கள் என்கிறீர்கள், ஒவ்வொன்றும் பத்து மதிப்பு எடுத்தாலே 10-இன் 408-ஆம் அடுக்கு. ஸ்ட்ரிங் தியரியில் இத்தனை உலகங்கள் சாத்தியம் என்கிற அந்தப் பிரபலமான 10⁵⁰⁰ இப்படி வந்ததுதானே? எந்த உலகம் வேண்டுமோ அதை எடுத்துக்கொள் என்று சொல்வதற்குப் பெயர் இயற்பியலா?

குடமுருட்டி · 11.20

எண்ணிக்கையின் உத்தி அதுதான். ஆனால் எண்ணுவதற்கு ஒழுங்கான முறை இருக்கிறது. 2003-இல் அசோக், டக்ளஸ் இருவரும் பாய வெற்றிடங்களை, அதாவது பாயம் குமிழ்களை நிறுத்துகிற பள்ளங்களை, எண்ணுவது பற்றி எழுதினார்கள். அந்த சுஜய் அசோக் இன்று சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில்தான் இருக்கிறார், நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2015-இல் இரண்டு-பியின் விரிவான எஃப்-கோட்பாட்டின் ஒரே ஒரு இடத்துக்கு 10²⁷²⁰⁰⁰ என்று ஒரு மதிப்பீடு வந்தது. 10⁵⁰⁰ அதன் முன்னால் சில்லறை.

எண்ணிக்கை பெரிதாக இருப்பது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. ஆடுகிற அந்த ஒரு குமிழ்தான் கெடுத்தது. 2003-இல் காச்ரு, காலோஷ், லிண்டே, திரிவேதி நால்வரும் ஒரு வழி சொன்னார்கள். திரிவேதி மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்காரர். நாலு பேரின் முதலெழுத்தையும் சேர்த்து கேகேஎல்டி என்பார்கள். வழி என்னவென்றால், பாயம் விட்டுவைத்த ஒரு சின்ன மிச்ச எண், அதற்கு எதிராக டி7 பிரேன்களின் (இழைகளின் நுனிகள் ஒட்டிக்கொள்ளும் ஏழு பரிமாணப் பரப்புகள்) மேலுள்ள குவாண்டம் விளைவிலிருந்து வரும் அடுக்குக்குறி உறுப்பு. பருமன் கூடக்கூட அந்த உறுப்பு மளமளவென்று தேயும். அவர்கள் போட்ட எடுத்துக்காட்டில் மிச்ச எண் பத்தாயிரத்தில் ஒன்று, தேயும் வேகம் 0.1. பள்ளம் வருவது பருமன்-குமிழ் 113 அருகில். அங்கே அந்த உறுப்பு ஏறக்குறைய எண்பதாயிரத்தில் ஒன்றாகத் தேய்ந்திருக்கும். இரண்டு துக்கடா எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மொத்தப் பிரபஞ்சத்தையும் நிறுத்துகின்றன.

தாளடி · 11.45

அதற்குப் பிறகும் ஆற்றல் எதிர்க்குறிதான், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரு எதிர் டி3 பிரேனை (எதிர் மின்னூட்டமுள்ள மூன்று பரிமாணப் பிரேன்) கொண்டுவந்து, சுருண்ட இடத்தில் நீண்டு குறுகும் ஒரு தொண்டையின் அடியில் வைத்து ஆற்றலை நேர்க்குறிக்குத் தூக்குகிறார்கள். சண்டை முழுக்க அங்கேதான். அந்தத் தொண்டைக்கு வேண்டிய பாயத்தைக் கணக்குப் போட்டால் மொத்த உடம்புக்குள் தொண்டையே அடங்குவதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். 2018-இல் வாஃபாவின் குழு நேர்க்குறி ஆற்றல் பள்ளமே ஸ்ட்ரிங் தியரியில் கிடையாது என்று ஊகம் வைத்தது.

குடமுருட்டி · 11.58

ஊகம்தான், நிரூபணம் இல்லை. எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. 2019-இல் மக்கலிஸ்டர் குழு பத்துக்கோடியில் இரண்டு அளவுக்குச் சின்ன மிச்ச எண்ணை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெளிப்படையாகக் கட்டிக் காட்டியது. 2024-இல் தூக்கிய பள்ளங்களையும் வைத்தார்கள். கவனமாக “வேட்பாளர்” என்றே பெயரிட்டார்கள், திருத்த உறுப்புகள் எல்லாம் கணக்கிட்டாகவில்லை என்பதால். ஜெயித்தாரா தோற்றாரா என்று இன்னும் எண்ணி முடிக்கவில்லை. மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மோட்டார் போடப் போகிறேன்.

மதகுக்கண் · செவ்வாய், காலை 7.15

தாளடி, நீங்கள் தூக்குவதில் சண்டை என்கிறீர்கள். அதற்கும் முன்னால், வடிவம் இறுகுகிற இடத்திலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

408 எண்ணையும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. பாயம் தன் பங்குக்கு டி3 மின்னூட்டம் சுமக்கிறது, மூடிய இடத்தில் மொத்த மின்னூட்டம் பூஜ்யமாக வேண்டும், ஆகவே செலவழிக்க ஒரு உச்சவரம்பு உண்டு. மேட்டூரில் 120 அடி நிரம்பினாலும் 93.47 டிஎம்சிதான், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் நாலையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறக்க முடியுமா? அதே கதை. இந்த வரம்புக்குப் பெயர் டாட்போல் நிபந்தனை.

டிகிரிகாபி · 7.22

டாட்போல் என்றால் தலைப்பிரட்டை அல்லவா? அது நாற்றங்காலில் அல்லவா இருக்கும்.

மதகுக்கண் · 7.40

அதேதான். ஃபெயின்மன் படத்தில் ஒரு வளையமும் ஒரு வாலும் இருந்தால் தலைப்பிரட்டை மாதிரி தெரியும், பெயர் ஒட்டிக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எஃப்-கோட்பாட்டில் எட்டுப் பரிமாண இடங்களை எடுத்தால் இந்த வரம்பு ஆய்லர் எண்ணில் (இடத்தின் அமைப்பைச் சொல்லும் ஒரு முழு எண்) 24-இல் ஒரு பங்கு. வடிவக் குமிழ்கள் ஏராளமாக இருக்கும்போது அது குமிழ் ஒன்றுக்குக் கால் பங்கு என்று வந்து நிற்கும். 2020-இல் பேனா, கிரான்யா முதலிய நால்வர் வைத்த ஊகம்: எல்லாக் குமிழையும் இறுக்க ஆகும் செலவு குமிழ் ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வரவு கால், செலவு மூன்றில் ஒன்று. குறைந்த குமிழ் உள்ள இடத்தில் சமாளிக்கலாம், ஆயிரக்கணக்கில் போனால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. 10²⁷²⁰⁰⁰ சொன்ன அந்த இடத்தில் வடிவக் குமிழ்கள் லட்சக்கணக்கில், ஊகம் சரியென்றால் அந்த எண்ணிக்கையில் எவ்வளவு தேறும் என்று நீங்களே பாருங்கள். எனக்கு 10⁵⁰⁰ வாதத்தைவிட இதுதான் சுவாரசியம், ஏனென்றால் இதைச் சரிபார்க்கலாம், ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்துக் கணக்குப் போட்டு ஆமா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

தாளடி · 8.05

இது எனக்குப் புதுசு. முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இப்படிப் பேசினால் உட்கார்ந்து கேட்பேன்.

ஓடம்போக்கி · இரவு 9.05

குடமுருட்டி அண்ணா, கேகேஎல்டி எண்களை நானே போட்டுப் பார்த்தேன், 113 வருகிறது. ஒரு சின்ன உறுத்தல். தேயும் வேகம் 0.1 என்றீர்கள். அது 2பை/எண் என்று ஒரு குறிப்பில் பார்த்தேன், அந்த ‘எண்’ ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும் டி7 பிரேன்களின் எண்ணிக்கையாம். 2பை-ஐ 0.1-ஆல் வகுத்தால் 62.8 வருகிறது. அப்படியானால் 63 பிரேன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க வேண்டுமா?

டிகிரிகாபி · 9.12

அறுபத்து மூவரா! சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடிய ஊரில் இருந்துகொண்டு இதை எங்களிடம் கேட்கிறீர்களே.

ஓடம்போக்கி · 9.15

😄 அவர்களுக்காவது பிராகாரத்தில் இடம் இருக்கிறது. இந்த 63-ஐயும் மதகுக்கண் சார் சொன்ன வரம்புக்குள் எப்படி வைப்பது? அடுக்குகிற இடமும் பெரிதாக வேண்டும், தொண்டைக்கும் இடம் விட வேண்டும், வடிவத்தை இறுக்கவும் பாயம் வேண்டும். எல்லாம் ஒரே வரவிலிருந்து.

குடமுருட்டி · 10.40

நான் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது மேசையில் கிடந்த கடைசித் தாளில் இருந்த கணக்கு இதுதான் தங்கச்சி. எனக்கு முடியவில்லை. பருமன் குமிழ் ஒன்றே ஒன்று இருக்கிற இடமாக எடுக்காதீர்கள், நெருக்கடி அதில்தான் அதிகம். பல குமிழ் உள்ள இடத்தில் அடுக்கு சின்னதாகப் போதுமா என்று முதலில் பாருங்கள். பழைய நோட்டு பரணில் இருக்கிறது, சனிக்கிழமை இறக்கிப் படம் எடுத்துப் போடுகிறேன். எலி விட்டுவைத்திருந்தால்.